‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’: அதைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடுங்கள்

கேள்வி: பினாங்கு, பிறையில் வீட்டிலேயே பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். படிவம் 1, அதாவது இடைநிலைப் பள்ளி முதலாண்டு மாணவர்கள் பதினொரு பேர். ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள். பள்ளியில் இப்போது ஆறாவது பாடம், ஒருபடிச் சமன்பாடு. 𝑥 + 5 = 12 என்றால் எல்லாரும் 7 என்று சொல்லிவிடுகிறார்கள். 3𝑥 = 12 என்றால் பாதிப் பேர் 12-இல் 3-ஐக் கழித்து 9 என்கிறார்கள். 3𝑥 − 7 = 𝑥 + 9 வந்துவிட்டால் மொத்த வகுப்பும் தடுமாறுகிறது. ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. தராசுப் படம் போட்டு விளக்கினேன். கேட்கும்போது தலையாட்டுகிறார்கள், கணக்கில் இறங்கினால் பழைய குருடி கதவைத் திறடிதான். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கையில் ஆறு வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? பள்ளி ஆசிரியர் சொல்லும் முறைக்கு மாறாக நான் சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிட மாட்டார்களா?

பதில்:

3𝑥 = 12-க்கு 9 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. நீங்கள் சொன்ன விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறது. 3 அந்தப் பக்கம் போகிறது; அதன் முன்னால் குறி எதுவும் இல்லை, ஆகவே கூட்டல்; போனதும் கழித்தலாகிறது; 12 − 3 = 9. கோளாறு விதியில் இருக்கிறது. கூட்டல் கழித்தலுக்கு அது ஒரு மாதிரி நடக்கிறது, பெருக்கல் வகுத்தலுக்கு வேறு மாதிரி நடக்கிறது, எந்த இடத்தில் எது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. 3-க்கும் 𝑥-க்கும் நடுவே பெருக்கல் ஒளிந்திருப்பது பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலையாக அந்த வாசகத்தை நான்கு வாரத்துக்கு வகுப்பில் உச்சரிக்காதீர்கள். முதல் சில வகுப்புகளில் பலகையில் 3𝑥 என்றும் எழுத வேண்டாம். 3 × 𝑥 என்றே எழுதுங்கள். இதில் ஒரு தொல்லை உண்டு. பிள்ளைகள் 𝑥-ஐயும் பெருக்கல் குறியையும் ஒரே மாதிரி கிறுக்குவார்கள், பிறகு தங்கள் கையெழுத்தைத் தாங்களே தப்பாகப் படிப்பார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வளைவுகளாக 𝑥-ஐ எழுதப் பழக்குங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் சரிசெய்யாவிட்டால் பின்னக் கணக்கு வரைக்கும் துரத்தும்.

முதல் வகுப்பில் பாடம் நடத்தாதீர்கள். கீழே உள்ள எட்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து இருபது நிமிடம் விடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.

8 + 4 = □ + 5
−3 − 5
−7 + 7
2 − (−6)
𝑥 = 5 எனில் 3𝑥 எவ்வளவு?
4𝑥 + 3-ஐச் சுருக்குக
5𝑥 − 𝑥-ஐச் சுருக்குக
3(𝑥 + 4)-ஐ விரித்து எழுதுக

திருத்தும்போது சரி, தப்பு என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். என்ன தப்பு என்று பெயருக்கு நேரே குறித்து வையுங்கள். முதல் கேள்விக்கு 12 என்று எழுதிய பிள்ளைக்குச் சமக்குறி என்றால் ‘விடை இங்கே’ என்று பொருள். 17 என்று எழுதிய பிள்ளை கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டியிருக்கிறது. இது உங்கள் வகுப்புக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்காவில் 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இதே கேள்வியை ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் கொடுத்தபோது 7 என்று ஒருவர்கூட எழுதவில்லை. ஐந்தாவது கேள்விக்கு 35 என்று எழுதியிருந்தால், 3𝑥 என்பது 3-உம் 𝑥-உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாக அந்தப் பிள்ளை நினைக்கிறது. 9 எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. 4𝑥 + 3-க்கு 7𝑥 வந்தால், முடியாமல் தொங்கும் கூட்டலை விடையாக ஏற்க அதற்கு மனம் வரவில்லை. 5𝑥 − 𝑥-க்கு 5 வந்தால், 𝑥 என்பது 1𝑥 என்று அதற்குத் தெரியாது; 3𝑥 − 7 = 𝑥 + 9-இல் அது கட்டாயம் விழும்.

−3 − 5-க்கு +8 வந்தால் காரணம் ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்ற இன்னொரு சுருக்குவழி. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதியைக் கூட்டலுக்கு இழுத்து வந்துவிட்டார்கள். முழு எண்கள் முதல் பாடத்திலேயே வந்துவிட்டதே என்று பள்ளியில் தாண்டிப் போயிருப்பார்கள். நீங்கள் தாண்டக் கூடாது. ஆறு வாரமும் ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை எண்கோட்டுக்கு ஒதுக்குங்கள். தரையில் வெண்கட்டியால் −10 முதல் 10 வரை கோடு போட்டு, −3-இல் நின்றுகொண்டு ஐந்து காலடி இடப்பக்கம் நடக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஆறு கணக்கு போதும். சமன்பாட்டில் நடக்கும் தப்புகளில் பெரும்பகுதி உண்மையில் குறை எண்ணில் நடக்கும் தப்புதான். அதைச் சரிசெய்யாமல் முறையை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்வது வீண்.

இரண்டாவது வகுப்பு முழுக்கச் சமக்குறி. 𝑥 வேண்டாம். பலகையில் இவற்றை எழுதி, உண்மையா பொய்யா என்று கேளுங்கள்: 15 = 9 + 6; 7 = 7; 9 + 6 = 10 + 5; 9 + 6 = 15 + 2. முதல் இரண்டையும் ‘தப்பு டீச்சர், திருப்பிப் போட்டிருக்கீங்க’ என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் உடனே திருத்தாதீர்கள். வகுப்பில் மற்றவர்கள் எதிர்வாதம் செய்யட்டும். பிறகு 48 + 27 = □ + 25. இதைக் கூட்டிப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. 27-ஐவிட 25 இரண்டு குறைவு, ஆகவே கட்டத்துக்குள் 48-ஐவிட இரண்டு கூடுதல், 50. இப்படி ஆறேழு கணக்குப் போட்டதும் ‘இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு’ என்பது பேச்சில் தானாக வரத் தொடங்கும். சமக்குறியை 1557-இல் அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்ட், இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்பதையே அதற்குக் காரணமாகச் சொன்னார். ஒரு நிமிடம் சொல்லிவிட்டுப் போகலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அதே வகுப்பில் நோட்டுப் புத்தகங்களை வாங்கி ஒன்றைத் தேடுங்கள்: 5 × 4 = 20 + 3 = 23. ஆரம்பப் பள்ளியிலிருந்து வரும் பழக்கம் இது. 5 × 4 எப்படி 23 ஆகும்? சமன்பாட்டில் இதே பழக்கம் 3𝑥 − 7 = 20 = 27 = 9 என்று வந்து நிற்கும். கட்டம் போட்ட நோட்டில் ஒரு வரிக்கு ஒரே ஒரு சமக்குறி, எல்லாச் சமக்குறியும் ஒன்றின்கீழ் ஒன்றாக நேர்கோட்டில். இந்த ஒழுங்கில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வகுப்புக்குத் தராசுப் படம் வேண்டாம். இந்தக் காலப் பிள்ளைகள் இரண்டு தட்டுத் தராசைக் கையில் தொட்டதில்லை; எலக்ட்ரானிக் தராசில் எண் தெரியும், அவ்வளவுதான். படத்தில் உள்ள தராசைப் பார்த்துத் தலையாட்டுவது சுலபம். அதற்குப் பதிலாக உறையும் நாணயமும் வைத்துச் செய்யுங்கள். தீபாவளிக்கு வாங்கி மிச்சமான பண உறை எந்த வீட்டிலும் இருக்கும். நான்கு உறை, 28 பத்துக் காசு நாணயம், மொத்தச் செலவு 2 வெள்ளி 80 காசு. ஒவ்வோர் உறையிலும் 4 நாணயம் போட்டு ஒட்டிவிடுங்கள். தடவிப் பார்த்தே எண்ணிவிடுவார்கள், ஆகவே நாணயங்களைத் திசுத்தாளில் சுற்றிப் போடுங்கள். மேசை நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் மூன்று உறையும் 2 நாணயமும், வலப்பக்கம் ஓர் உறையும் 10 நாணயமும். சொல்ல வேண்டியது இரண்டே: எல்லா உறையிலும் ஒரே எண்ணிக்கை, இரண்டு பக்கமும் மொத்தம் ஒன்றே. ஓர் உறையில் எத்தனை?

3𝑥 + 2 = 𝑥 + 10

யாராவது ஒரு பிள்ளை வலப்பக்க உறையை எடுத்து இடப்பக்கம் வைக்கும், அல்லது இடப்பக்கத்திலிருந்து ஓர் உறையை வலப்பக்கம் கொண்டுபோகும். தடுக்காதீர்கள், நீங்கள் காத்திருந்த இடமே அதுதான். இடப்பக்கத்து உறை ஒன்று வலப்பக்கம் போனால் இங்கே இரண்டு உறையும் 2 நாணயமும், அங்கே இரண்டு உறையும் 10 நாணயமும். ‘இப்போ ரெண்டு பக்கமும் சமமா?’ என்று கேளுங்கள். உறையில் எத்தனை இருந்தாலும் சமமாக முடியாது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். எதையும் ‘அந்தப் பக்கம்’ கொண்டுபோக முடியாது, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றையே எடுக்க முடியும் அல்லது ஒன்றையே சேர்க்க முடியும் என்பதைப் பத்து முறை விளக்குவதற்குப் பதில் அந்த ஒரு தப்பு விளக்கிவிடும். பிறகு மேசையில் ஒவ்வோர் அசைவு நடந்ததும், அடுத்ததற்குப் போகும் முன், பலகையில் அதை எழுதியாக வேண்டும்:

3𝑥 + 2 = 𝑥 + 10
இரு பக்கமும் − 𝑥
2𝑥 + 2 = 10
இரு பக்கமும் − 2
2𝑥 = 8
இரு பக்கமும் ÷ 2
𝑥 = 4

கடைசியில் உறையைப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். 4 இருக்கும். பிரதியிட்டுச் சரிபார்ப்பது என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டிய அவசியமே இல்லை: 3 × 4 + 2 = 14, 4 + 10 = 14. அன்றிலிருந்து ‘உறையைப் பிரி’ என்றாலே போதும், சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

உறை வித்தையை இரண்டு வகுப்புக்கு மேல் இழுக்காதீர்கள். 3𝑥 − 7-இல் உள்ள −7-ஐ நாணயத்தால் காட்ட முடியாது. ‘ஏழு நாணயம் கடன்’ என்று சொல்லி ஒப்பேற்றலாம். ஆனால் −2𝑥 வந்தால் எதை உறை என்பீர்கள்? மேசையில் பழகிய ஒரே விஷயத்தை, அதாவது ‘இரு பக்கமும்’ என்ற வரியை, நோட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டு உறைகளை ஓரம் கட்டிவிடலாம்.

பள்ளியின் மலாய்ப் பாடநூலில் மூன்று வழி வருகிறது: சூபா ஜாயா என்ற ஊகித்துப் பார்க்கும் முறை, சமத்தன்மையைப் பயன்படுத்தும் முறை, பெமாதாபாலிக்கான் என்ற பின்னோக்கிச் செல்லும் முறை. மூன்றாவதை உங்கள் பிள்ளைகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அது அம்புக்குறிதான். 3𝑥 − 7 = 20 என்றால் 𝑥 → 3-ஆல் பெருக்கு → 7-ஐக் கழி → 20. திரும்பி வர, 20 → 7-ஐக் கூட்டு → 3-ஆல் வகு → 9. கடைசியில் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும் என்பது இதில் அழகாகத் தெரியும்; 3𝑥 = 12-இன் நோயும் தீரும், ஏனெனில் அம்பின் மேல் ‘× 3’ என்று அவர்களே எழுதுகிறார்கள். அரை வகுப்பு இதற்குக் கொடுங்கள்.

ஆனால் இரண்டு பக்கமும் 𝑥 வந்த நொடியில் இந்த முறை படுத்துவிடும். எங்கே தொடங்கி எங்கே திரும்புவது? உங்கள் வகுப்பு சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறது. மெக்சிகோ ஆய்வாளர்கள் ஃபில்லோயும் ரொஹானோவும் 1989-இல் எழுதிய கட்டுரையில், எண்கணிதம் முடிந்து இயற்கணிதம் தொடங்கும் வெட்டு விழுவது இங்கேதான் என்று காட்டினார்கள். ஒரு பக்கம் மட்டும் 𝑥 இருக்கும்வரை பிள்ளை எண்களோடு மட்டும் வேலை செய்து தப்பித்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் இருந்தால், மதிப்பே தெரியாத 𝑥-ஐயே எடுத்துக் கழித்தாக வேண்டும். அது பெரிய தாண்டல். ஆகவே ஆறு வாரத்தில் மூன்று வகுப்பை இந்த ஒரு வகைக்கே கொடுங்கள். மற்றதில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த வகைக்கு ஒரே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு 𝑥 உறுப்புகளில் எது சிறியதோ அதை இரு பக்கத்திலிருந்தும் கழிப்பது. 3𝑥 − 7 = 𝑥 + 9-இல் 𝑥-ஐக் கழித்தால் 2𝑥 − 7 = 9; இரு பக்கமும் 7 கூட்டினால் 2𝑥 = 16; 𝑥 = 8. உறையைப் பிரித்தால் 17, 17. 2𝑥 + 15 = 5𝑥 வந்தால் 2𝑥-ஐக் கழித்து 15 = 3𝑥, 5 = 𝑥. இந்த இடத்தில் ‘𝑥 வலப்பக்கம் வந்துடுச்சு டீச்சர்’ என்று பதறுவார்கள். 5 = 𝑥 என்பதை விடையாக ஏற்றுக்கொள்ளப் பழக்குங்கள்; திருப்பி எழுத வேண்டுமானால் கடைசி வரியில் எழுதட்டும். 𝑥 எப்போதும் இடப்பக்கம்தான் என்று வற்புறுத்தினால் 15 = 3𝑥 என்று முடிய வேண்டியது −3𝑥 = −15 ஆகிறது, அங்கே குறியைக் கோட்டை விடுகிறார்கள். 12 − 2𝑥 = 4 போன்றவற்றிலும் இதே வழக்கம் உதவும்: இரு பக்கமும் 2𝑥-ஐக் கூட்டு, 12 = 4 + 2𝑥, 8 = 2𝑥, 𝑥 = 4. −2𝑥 என்ற சனியனைத் தொடாமலே வேலை முடிகிறது.

எண்களைத் தேர்ந்தெடுப்பதில் கருமித்தனம் வேண்டாம். 𝑥 + 5 = 12-க்கு ‘இரு பக்கமும் 5 கழி’ என்று எழுதச் சொன்னால் பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும்; விடை ஏற்கெனவே தெரிகிறதே. 𝑥 + 487 = 1203 என்று கொடுங்கள், வழி தேவைப்படும். விடை −3, 2.5 என்று வரும்படி கணக்கில் மூன்றில் ஒன்று இருக்கட்டும். எல்லா விடையும் 2, 3, 4 என்று வந்தால் ஊகித்தே முடித்துவிடுவார்கள். ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு கணக்குக்கு மேல் வேண்டாம். அவற்றில் இரண்டு, நீங்களே தப்பாகப் போட்டு வைத்த கணக்காக இருக்கட்டும். எந்த வரியில் தப்பு என்று கண்டுபிடிப்பது வேலை. நாற்பது கணக்கு வீட்டுப்பாடத்தைவிட இது அதிகம் பிடிபடும், உங்களுக்கும் திருத்தும் சுமை குறையும்.

அடைப்புக்குறியில் வரும் தப்புகள் இரண்டே. 3(𝑥 − 2)-ஐ 3𝑥 − 2 என்று எழுதுவது. 5 − 2(𝑥 − 4)-இல் முதலில் 5 − 2-ஐச் செய்து 3(𝑥 − 4) என்று ஆக்குவது. முதலாவதற்கு, (𝑥 − 2) + (𝑥 − 2) + (𝑥 − 2) என்று ஒருமுறை நீட்டி எழுதினால் போதும். இரண்டாவதற்கு, −2-ஐ அதன் குறியோடு சேர்த்து வட்டமிடச் சொல்லுங்கள். அந்த வட்டம்தான் உள்ளே போகிறது: −2𝑥 + 8.

பின்னத்தில் நிதானம் தேவை. 𝑥/3 + 𝑥/2 = 10. மீச்சிறு பொது மடங்கு 6 என்று கண்டுபிடித்துவிடுவார்கள், இடப்பக்கத்தை மட்டும் பெருக்கி 2𝑥 + 3𝑥 = 10 என்று எழுதுவார்கள், 𝑥 = 2 என்பார்கள். பெருக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக அடைப்புக்குறிக்குள் போட வைத்தால் இது நிற்கும்: 6(𝑥/3 + 𝑥/2) = 6(10), 5𝑥 = 60, 𝑥 = 12. இன்னொரு பொறி, பின்னக் கோடு மறைத்து வைத்திருக்கும் அடைப்புக்குறி. (𝑥 + 1)/3 = 𝑥/2 − 1-ஐ 6-ஆல் பெருக்கினால் 2(𝑥 + 1) = 3𝑥 − 6. பிள்ளைகள் 2𝑥 + 1 என்று எழுதுவார்கள், ஏனெனில் நோட்டில் கோட்டின் மேல் அடைப்புக்குறி இருக்காது. கோட்டுக்கு மேலே இரண்டு உறுப்பு இருந்தால் முதல் வேலையே அடைப்புக்குறி போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 8. பின்னத்தில் தேறியதும் ஒரு விபத்து நடக்கும், எச்சரிக்கை: 𝑥/3 + 𝑥/2-ஐச் சுருக்கச் சொன்னாலும் 6-ஆல் பெருக்கி 5𝑥 என்று எழுதிவிடுவார்கள். அங்கே சமக்குறி இல்லை, மறுபக்கம் இல்லை, ஆகவே பெருக்க உரிமையும் இல்லை. கேள்வியில் பெர்மூடாகான் என்று இருக்கிறதா, செலெசாய்கான் என்று இருக்கிறதா என்று முதலில் கோடிடப் பழக்குங்கள். முன்னது சுருக்கு, பின்னது தீர்.

அதையொட்டி இன்னொன்று. உங்கள் பிள்ளைகள் கணக்கைத் தமிழில் யோசித்துப் பழகியவர்கள், தாள் மலாயில் வருகிறது. பெம்போலே ஊபா மாறி, பெகாலி கெழு, செபூத்தான் உறுப்பு, உங்காபான் கோவை, பெர்சாமாஆன் சமன்பாடு என்று பத்துப் பன்னிரண்டு சொல்லை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாய்க்கணக்கில் தமிழை விடாதீர்கள், அது உதவவே செய்கிறது. ‘5 கூராங் டாரிபாடா 𝑥’ என்பதைப் படிக்கும் வரிசையிலேயே 5 − 𝑥 என்று எழுதிவிடுகிறார்கள். ‘𝑥-ஐவிட 5 குறைவு’ என்று ஒருமுறை தமிழில் சொல்லிவிட்டு எழுதினால் 𝑥 − 5 என்று சரியாக விழுகிறது.

வாய்க்கணக்குக்கு உங்கள் ஊரிலேயே பொருள் இருக்கிறது. பினாங்கின் இரண்டு பாலங்களின் மொத்த நீளம் 37.5 கிலோமீட்டர், 2014-இல் திறந்த இரண்டாவது பாலம், 1985-இல் திறந்த முதல் பாலத்தைவிட 10.5 கிலோமீட்டர் நீளம். முதல் பாலம் எவ்வளவு? 𝑥 + (𝑥 + 10.5) = 37.5, 2𝑥 = 27, 𝑥 = 13.5. விடையை வீட்டில் போய்ச் சரிபார்க்கலாம் என்பதால் இப்படிப்பட்ட கணக்கில் பிள்ளைகள் விடையை நம்புகிறார்கள். முதல் வரியில் ‘முதல் பாலத்தின் நீளம் 𝑥 கிலோமீட்டர்’ என்று முழு வாக்கியமாக எழுதினால்தான் மதிப்பெண் என்று சொல்லுங்கள். ‘𝑥 = பாலம்’ என்று எழுதும் பிள்ளைக்கு எழுத்து ஒரு பொருளின் பெயராகிவிடுகிறது; அது எண் என்பது மறந்துபோகிறது. 3𝑎 என்றால் மூன்று ஆப்பிள் என்று சொல்லிக் கொடுப்பதும் இதனால்தான் ஆபத்து. ஓர் ஆசிரியருக்கு 8 மாணவர் வீதம் சுற்றுலா போகிறார்கள், 𝑚 மாணவர் எண்ணிக்கை, 𝑔 ஆசிரியர் எண்ணிக்கை என்று கொடுத்துப் பாருங்கள். 8𝑚 = 𝑔 என்று எழுதுவார்கள். சரியானது 𝑚 = 8𝑔. பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், இதே அமைப்பில் ஒரு கேள்வியை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த முதலாமாண்டு மாணவர்கள் 150 பேருக்குக் கொடுத்தபோது 37 விழுக்காட்டினர் தப்பாக எழுதியது 1980-களின் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. மருந்து, எண்ணைப் போட்டுப் பார்ப்பது: ஆசிரியர் 2 என்றால் மாணவர் 16, அப்படியானால் எந்தச் சமன்பாடு நிற்கிறது?

இரண்டு மாறிகளும் ஒருங்கமைச் சமன்பாடும் (இரண்டு சமன்பாட்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் விடையைக் காண்பது) இதே பாடத்தில் வருகின்றன. உங்கள் ஆறு வாரத்தில் கடைசி இரண்டு வகுப்பு போதும். ஒரு மாறியில் தடுமாறும் பிள்ளைக்கு அதுகூட வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்றே. 3𝑥 − 𝑦 = 7-இலிருந்து 𝑥 − 𝑦 = 1-ஐக் கழிக்கும்போது −2𝑦 என்று எழுதுவார்கள். கழிக்கப்படும் சமன்பாட்டை அடைப்புக்குறிக்குள் போட்டுக் கழித்தால் 𝑦 மறையும்: 2𝑥 = 6, 𝑥 = 3, 𝑦 = 2.

இனி பள்ளி ஆசிரியர் விஷயம். அவர் ‘பிண்டா’ என்று சொல்லி நகர்த்தும் முறையைக் காட்டினால் அதைத் தப்பென்று சொல்லாதீர்கள். அது தப்பும் இல்லை. இரு பக்கமும் செய்யும் வேலையில் நடுவரியை விழுங்கிவிட்டு எழுதுவதுதான். பிள்ளையிடம், ‘சார் இங்கே எதை நகர்த்தினார், அதுக்காக ரெண்டு பக்கமும் என்ன செய்திருப்பார்?’ என்று கேளுங்கள். அந்த நடுவரியைப் பென்சிலில் எழுதிக் காட்ட முடிந்தால் குழப்பம் வராது. பள்ளித் தேர்வில் இரண்டில் எப்படி எழுதினாலும் படிநிலை தெளிவாக இருந்தால் மதிப்பெண் கிடைக்கும். 2022-இல் படிவம் 3-இன் பிடி3 (PT3) தேர்வு ரத்தானபிறகு வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையான அடைவுநிலைதான் பார்க்கப்படுகிறது. அங்கே மேல்நிலைக்குப் போக விடை மட்டும் போதாது, ஏன் அப்படிச் செய்தாய் என்பதற்கும் பதில் வேண்டும்.

நடுவரியை எப்போது விடலாம் என்று நான்காவது வாரம் முடிவில் பிள்ளைக்குப் பிள்ளை பார்த்துத் தீர்மானியுங்கள். ஒரு துண்டுத் தாளில் இந்த நான்கையும் சேர்த்துக் கொடுங்கள்:

3𝑥 = 12
𝑥/3 = 12
3 + 𝑥 = 12
3 − 𝑥 = 12

விடைகள் 4, 36, 9, −9. நான்கும் சரியாக வந்து, ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் என்ன செய்தேன் என்று வாயால் சொல்லவும் முடிந்தால் அந்தப் பிள்ளை நடுவரியை விட்டுவிடலாம். நான்காவதில் மட்டும் 9 என்று எழுதியிருந்தால் பிரச்சினை சமன்பாட்டில் இல்லை, அந்தப் பிள்ளையை எண்கோட்டுக்கு அனுப்புங்கள். முதலாவதில் இன்னும் 9 வருகிறதென்றால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் பெருக்கல் குறியை மறுபடி போட்டு, அம்புக்குறி முறையில் ஒரு வாரம் வைத்திருங்கள். மற்ற பத்துப் பேரும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.